துரையின் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கத்தி

குன்னூருக்குக் கீழே ஒரு டீ எஸ்டேட்டில் பொன்ராஜ் ஸ்டோர் கீப்பராக இருந்தான். முப்பத்து நாலு வயது. நல்லவன், நாணயமானவன், யாரிடமும் குரலை உயர்த்தாதவன். ஒரே ஒரு குறை, அவனுக்கு எதையும் தேர்ந்தெடுக்க வராது. குடை வாங்கப் போனால் கடையில் இருக்கிற அத்தனை குடையும் கறுப்புதானே, அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்களும் நானும் நினைப்போம். பொன்ராஜ் நினைக்க மாட்டான். ஒன்றின் பிடி வளைவு போதாது, இன்னொன்று விரியும்போது முனகுகிறது, மூன்றாவது ரொம்ப நன்றாக இருக்கிறது, இவ்வளவு நன்றாக இருந்தால் ஏதோ கோளாறு இருக்குமே என்று சந்தேகம். கடைசியில் மழையில் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு வீடு வந்து சேருவான். அவன் அம்மா பேச்சியம்மா தலையைத் துவட்டிவிட்டபடியே அரைமணி நேரம் திட்டுவாள்.

எஸ்டேட்டுக்கு மட்டும் இந்தக் குணம் ரொம்பப் பிடித்திருந்தது. மண்வெட்டி வந்து இறங்கினால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பான், முகர்ந்துகூடப் பார்ப்பான். மட்டமான சரக்கு அனுப்புகிற வியாபாரிகள் அவன் பெயரைக் கேட்டாலே மூட்டையைப் பிரித்து மறுபடி பொறுக்குவார்கள். பத்து வருஷமாக ஸ்டோர் சாவிக்கொத்து அவன் இடுப்பில்தான் தொங்கியது. சங்கிலி, விளக்குத் திரி, டீப்பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாள் எல்லாம் அவன் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற கத்திகள் இருநூறும் அவன் பொறுப்பு. ஒவ்வொரு பிடியிலும் எஸ்டேட் முத்திரை இருக்கும். காலையில் ஆட்களுக்குக் கொடுத்து மாலையில் திரும்ப வாங்கிப் பூட்டுவான்.

இப்படி இருநூறு கத்திகளுக்குக் காவல் இருந்தவன், தனக்கென்று ஒரே ஒரு கத்தி இல்லாமல் படாத பாடு பட்ட கதையைத்தான் சொல்ல வந்தேன். 1927 தை மாசம் அது. அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

பெண் எமரால்டு பக்கம். பெயர் ஆயம்மாள். அப்பாவுக்கு உருளைக்கிழங்குத் தோட்டம். பெண்ணைத் தேர்ந்தெடுத்தது பேச்சியம்மா. அந்த வேலையை மகனிடம் விட்டிருந்தால் அவன் அறுபதாம் கல்யாணத்துக்குத்தான் பெண் கிடைத்திருக்கும். நிச்சயதார்த்தத்தன்று பொன்ராஜ் தலை நிமிரவே இல்லை. ஆயம்மாளின் கால் விரல்களைப் பார்த்தான். அவள் யாரிடமோ, "அந்த வெத்தலைத் தட்டைக் கொஞ்சம் இப்படி நகர்த்துங்க" என்று சொன்னதைக் கேட்டான். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு பையன் பத்து நாள் ஓட்டினான். கத்தி எண்ணும்போது வெத்தலைத் தட்டு, சாவி திருப்பும்போது வெத்தலைத் தட்டு. ஐந்து மண்வெட்டி கேட்ட கங்காணிக்கு ஐந்து டஜன் எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் சுமக்க முடியாமல் நிற்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றான். காதல் என்ற சொல்லை எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் அந்த லயத்து வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் பொன்ராஜுக்கு வந்திருந்தது அதுதான், வேறு எதுவும் இல்லை.

நிச்சயம் ஆன மாப்பிள்ளையும் பெண்ணும், பேய் பிசாசு அண்டாமல் இருக்க, தாலி கட்டுகிற வரைக்கும் இரும்பு இல்லாமல் வெளியே போகக் கூடாது. ஒருவர் தவறினாலும் கேடு இரண்டு பேருக்கும். இது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். பேச்சியம்மா வீட்டில் அதற்கு மேலும் ஒரு நிபந்தனை உண்டு. ஆண்பிள்ளை வைத்துக்கொள்ளும் இரும்புக்கு வெட்டுகிற அலகு இருக்க வேண்டும், அது அவனுக்குச் சொந்தமானதாகவும் இருக்க வேண்டும்.

"சாவிக்கொத்து முழுக்க இரும்புதானுங்கம்மா" என்று பொன்ராஜ் சொல்லிப் பார்த்தான்.

"அது தொரை ஊட்டு இரும்பு. தொரையைத்தான் காக்கும்."

பேச்சியம்மாவை எளிதாகச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பொன்ராஜுக்கு ஒரு பெண் நிச்சயமாகி, பத்தாம் நாள் அந்தப் பெண் காய்ச்சலில் விழுந்தாள். பெண் வீட்டார் சகுனம் சரியில்லை என்று நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் இப்போது கூடலூரில் இரண்டு பிள்ளைகளோடு திடகாத்திரமாக இருக்கிறாள் என்பது வேறு விஷயம். அந்தப் பத்து நாளும் மகன் வெறுங்கையோடு திரிந்தான் என்பதுதான் பேச்சியம்மாவின் மனசில் முள்ளாக நின்றது. அன்றிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்து யாரும் பார்க்கவில்லை.

அதனால் இந்தத் தடவை வீட்டு அருவாளையே எடுத்துக் கொடுத்தாள். முழங்கை நீளம். தை மாசத்துக் குளிருக்குப் போட்ட கோட்டுக்குள் அதை மறைத்துக்கொண்டு பொன்ராஜ் எட்டு நாள் வேலைக்குப் போனான். உட்கார முடியாது, குனிய முடியாது. ஸ்டோர் கீப்பருக்கு மாப்பிள்ளை ஆனதும் என்ன மிடுக்கு வந்துவிட்டது பார் என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள்.

ஒன்பதாம் நாள் எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை ஸ்டோருக்குள் வந்தார். பொன்ராஜ் பழக்கதோஷத்தில் குனிந்து சலாம் போட்டான். அருவாள் கோட்டிலிருந்து நழுவித் தரையில் விழுந்த சத்தம் இலை வாட்டும் மாடி வரைக்கும் கேட்டது.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. முந்தின வருஷம் கவ்வாத்துக் கத்திகள் சில காணாமல் போய்ச் சந்தையில் அகப்பட்டதிலிருந்து, ஸ்டோரில் வேலை செய்கிறவன் உடம்பில் எந்த அலகு இருந்தாலும் அது எஸ்டேட் அலகு என்று துரை உத்தரவு போட்டிருந்தார்.

"அம்மா கத்தி, துரை" என்றான் பொன்ராஜ்.

"இங்கே அம்மா இல்லை, அப்பா இல்லை. எஸ்டேட்" என்றார் துரை. "இன்னொரு தடவை பார்த்தால் வேலை இல்லை."

பேச்சியம்மாவின் அருவாள் இருநூற்று ஒன்றாவது கத்தியாகப் பதிவானது. பதிந்தவன் பொன்ராஜ். முத்திரை குத்தியவன் பொன்ராஜ். தன் அம்மாவின் அருவாளைத் தன் கையாலேயே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து லயத்தை மூன்று முறை சுற்றி வந்தான்.

நிலைமை இதுதான். அலகு வைத்திருந்தால் வேலை போகும். ஸ்டோர் கீப்பர் வேலையைப் பார்த்துத்தான் ஆயம்மாளின் அப்பா பெண் கொடுக்கிறார், வேலை போனால் பெண்ணும் போகும். அலகு இல்லாமல் திரிகிறான் என்று பெண் வீட்டுக்குத் தெரிந்தாலும் பெண் போகும், ஏனென்றால் கூடலூர்க்காரியின் கதை எமரால்டு வரைக்கும் தெரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் வெத்தலைத் தட்டு கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

வழி கண்டுபிடித்தவர் பெரிய கிளார்க்கு செல்லதுரை. "துரையோட சாவி வளையத்துல குட்டியா ஒரு மடக்குக் கத்தி தொங்குது, பாத்திருக்கியா? கவர் கிழிக்கறதுக்கு வெச்சிருக்காரு. அந்த மாதிரி ஒண்ணு வெச்சுக்கலாமான்னு கேக்கறேன் இரு" என்று போனார். துரை அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார் போலிருக்கிறது. என் சுண்டுவிரலைவிட நீளம் இல்லாவிட்டால் அதைக் கத்தி என்றே நான் சொல்ல மாட்டேன், சாவியோடு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தொங்கட்டும் என்று சிரித்தார்.

செல்லதுரை சும்மா வந்திருக்கலாம். அவர் முப்பது வருஷத்து கிளார்க்கு, வாய்ச்சொல்லை நம்பாதவர். ஒரு காகிதத்தை நீட்டி, துரையின் சுண்டுவிரலை அதன்மேல் வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றிலும் கோடு போட்டு, தேதியும் எழுதிக் கொண்டுவந்துவிட்டார்.

சந்தை நாள் காலையில் பொன்ராஜ் அந்த விரலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குன்னூரில் ரயில் ஏறினான். இரும்பு இல்லாமல் நாலு நாள் ஆகியிருந்தது. பேச்சியம்மா அவன் நெற்றியிலும் இரண்டு காதுக்குப் பின்னாலும் விபூதி அப்பி அனுப்பியிருந்தாள். கேத்தி தாண்டும்போது காகிதத்தை வெளியே எடுத்து மடியில் விரித்துப் பார்த்தான். பக்கத்தில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"கேரட்டுங்களா?"

"விரலுங்க."

பெரியவர் எழுந்து எதிர்ப் பலகையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஊட்டி மார்க்கெட்டில் சீமைப் பேனாக்கத்தி கிடைக்கிற ஒரே கடை நூர் அகமதுவுடையது. பூட்டு, கீல், லாந்தர், பித்தளைக் குடம், எல்லாம் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். போர்டிங் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பென்சில் சீவுவதற்கென்று சின்னக் கத்திகளும் வரவழைத்து வைத்திருந்தார். எஸ்டேட்டுக்குத் திரி வாங்க வந்து பழக்கம் என்பதால் பொன்ராஜின் குணம் அவருக்குத் தெரியும். ஒரு திரியைத் தேர்ந்தெடுக்க இரண்டு டீ குடிக்கிற ஆள். ஆனாலும் அன்றைக்கு அவர் தயாராக இல்லை.

"இது யாரு விரலுங்க?" என்றார் காகிதத்தைப் பார்த்து.

பொன்ராஜ் எல்லாவற்றையும் சொன்னான். கடைக்காரர் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்துவிட்டு, நீலத்துணி ஒன்றை விரித்து அதன்மேல் பதினேழு கத்திகளை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றும் கட்டைவிரல் தண்டி. மான்கொம்புப் பிடி, ஆமையோட்டுப் பிடி, முத்துச்சிப்பி, பித்தளை, கறுப்பு மரம். காலை வெயில் கதவு வழியாக அதன்மேல் விழுந்தபோது பொன்ராஜுக்குத் தலை சுற்றியது. சந்தோஷமா பயமா என்று அவனுக்கே தெரியவில்லை.

"நிதானமாப் பாருங்க" என்றார் நூர் அகமது. அவர் வாயில் இருந்து வந்திருக்கக் கூடாத வார்த்தை அது.

முதல் கேள்வி, துரை சொன்ன நீளம் மடக்கின நீளமா, விரித்த நீளமா? இதிலேயே அரைமணி போனது. விரித்த நீளம் என்று வைத்துக்கொள்வதுதான் வேலைக்குப் பாதுகாப்பு என்று முடிவானதும் ஒவ்வொன்றையும் விரித்து விரல்மேல் படுக்கவைத்து அளந்தான். எட்டு கத்திகள் அதில் கழிந்தன. பித்தளைப் பிடிக்காரனை அம்மா இரும்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டாள். ஒன்றில் கத்தியோடு தக்கை திருகியும் இருந்தது, சாராய பாட்டில் திறக்கிற மாப்பிள்ளை என்று பெயர் வரும். ஒன்றில் இரண்டு அலகு, எதை முதலில் விரிப்பது என்று அவசரத்தில் யோசிக்க வேண்டியிருக்கும். தன்னைப் பற்றி அவனுக்கு அந்த அளவுக்காவது தெரிந்திருந்தது, பாராட்ட வேண்டும். இன்னொன்று வளையத்தைவிட்டுக் கழலவே இல்லை. மாலையில் சாவிக்கொத்து ஆபீஸ் கொக்கிக்குப் போய்விடும், கத்தி மட்டும் அவனோடு வீட்டுக்கு வர வேண்டும். அதனால் அதுவும் தள்ளுபடி.

நூர் அகமது மதியத்து லுஹர் தொழுகைக்குப் போய்விட்டு வந்தார். போகும்போது பொன்ராஜ் இடது கையில் மான்கொம்பையும் வலது கையில் ஆமையோட்டையும் பிடித்துக்கொண்டிருந்தான். வரும்போது வலது கையில் மான்கொம்பும் இடது கையில் ஆமையோடும் இருந்தன.

"முன்னேத்தம்தானுங்க" என்று பெருமூச்சு விட்டார் அவர். "இன்னும் எத்தனை மிச்சம்?"

"அஞ்சுங்க. ஆனா அஞ்சுலயும் ஒரு சந்தேகம். அம்மா சொல்றாங்க, மடக்கின கத்தி தூங்கற கத்தியாம். எதிர்ல ஏதாவது வந்துச்சுன்னா சட்டுனு விரியணுமாம். சட்டுனு விரியுதான்னு எப்படிங்க பாக்கறது?"

நூர் அகமது தாடியைத் தடவிக்கொண்டார். வியாபாரம் ஒரு பக்கம், மதியச் சோறு ஆறிக்கொண்டிருப்பது ஒரு பக்கம், எல்லாவற்றுக்கும் மேலாக அவருக்கும் இப்போது வேடிக்கை பிடித்துவிட்டது. "ஏனுங்க, நான் பேய்னு வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, கோணிப்பைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

ஐம்பத்தைந்து வயது, ஐந்து வேளை தொழுகை, பஜாரில் நாலு பேர் எழுந்து நின்று மரியாதை செய்கிற மனிதர். அவர் கோணிப்பைக்குப் பின்னாலிருந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு "ஊ" என்று பாய்ந்து வந்தார். பொன்ராஜ் அலறினான். கத்தி விரியவில்லை, அவனுடைய நகம்தான் மடங்கியது. இரண்டாவது கத்தி கை நழுவிப் பித்தளைக் குடத்துக்குள் விழுந்தது. மூன்றாவது விரிந்தது, ஆனால் அதற்குள் பேய் மாப்பிள்ளையின் கழுத்தைப் பிடித்து முடித்து, பரவாயில்லை விடுங்க என்று முதுகில் தட்டிக்கொடுத்திருந்தது. இருவருக்கும் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. முப்பத்து நாலு வருஷத்தில் பொன்ராஜ் இவ்வளவு சிரித்ததில்லை.

"இன்னொரு தடவைங்க" என்றான் நான்காவதை எடுத்துக்கொண்டு.

பேய் லாந்தர்களுக்குப் பின்னாலிருந்து வந்தது. கத்தி டக்கென்று விரிந்தது. பொன்ராஜ் ஒரு காலை முன்னால் வைத்து, கோட்டு பறக்க, சுண்டுவிரல் நீளக் கத்தியை நீட்டி, "கிட்ட வந்தே, வெட்டிப் போட்டுருவேன்!" என்று முழுத் தொண்டையில் கத்தினான்.

கடை வாசலில் இரண்டு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

பொன்ராஜ் முதலில் கால் விரல்களைத்தான் பார்த்தான். உடனே தெரிந்துவிட்டது. நிச்சயத்தன்று பார்த்த அதே விரல்கள், இப்போது சந்தைப் புழுதியோடு. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி ஆயம்மாளின் முகத்தைப் பார்த்தான். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள், தோள் இரண்டும் குலுங்கின. பக்கத்தில் அவளுடைய அத்தை மூக்கம்மா. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணத்துக்குப் பித்தளைக் குடம் வாங்க வந்த இடத்தில், வீட்டுக்கு வரப்போகிற மாப்பிள்ளை ஒரு பெரிய மனுஷனைக் குத்தப் பாய்வதைப் பார்த்தால் யாருக்கு வரும்?

"மாப்பிள்ளை, என்னங்க இது?"

"கத்தி வாங்கறாருங்க" என்று நூர் அகமது முந்திக்கொண்டார். தலையில் கழன்ற தொப்பியைச் சரிசெய்துகொண்டே, "பென்சில் சீவறதுக்குங்க. எஸ்டேட்ல நிறைய எழுத்து வேலை" என்றார்.

மூக்கம்மா கத்தியைப் பார்த்தாள், நீலத்துணியைப் பார்த்தாள், பொன்ராஜின் காதுக்குப் பின்னால் அப்பியிருந்த விபூதியைப் பார்த்தாள். அவள் முட்டாள் இல்லை. "பேச்சியம்மா அருவா குடுத்து அனுப்பறதாச் சொன்னாங்களே. அந்த அருவா எங்கீங்க?"

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் வீட்டில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருப்பான். நூர் அகமது அதைத்தான் கண்ணால் கெஞ்சிக் கேட்டார். ஒரு திரி வாங்க இரண்டு டீ குடிக்கிற பொன்ராஜ், இதற்கு ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

"ஸ்டோர்ல பூட்டி வெச்சுட்டாங்க, அத்தை. நாலு நாளா நான் வெறுங்கையாத்தான் இருக்கறனுங்க."

"நாலு நாளா?"

"ஆமாங்க."

மூக்கம்மாவின் முகம் சிவந்தது. "கூடலூர்ப் புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு எங்களுக்குத் தெரியாதுன்னு நெனைச்சீங்களா? தெரிஞ்சுதானுங்க, பேச்சியம்மா சத்தியம் பண்ணுனதை நம்பி எங்கண்ணன் பாக்கு மாத்துனாரு. நான் இப்ப ஊட்டுக்குப் போயி என்னன்னு சொல்றது? வா ஆயம்மா. குடமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

அவள் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தாள். பொன்ராஜுக்கு அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்ற கவலைகூட வரவில்லை. இந்த முகத்தை இனிமேல் பார்க்க முடியாது என்ற ஒரே நினைப்புதான். பார்க்க ஆரம்பித்தே ஐந்து நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் அது கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

ஆயம்மாள் நகரவில்லை. முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"அத்தை, நாலு நாள்ல எனக்கு என்ன ஆச்சு? தும்மல்கூட வரலை. நேத்து ஒரு மூட்டை கிழங்கு தனியாத் தூக்குனேன், நீங்கதான பாத்தீங்க?"

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்லை. பொய் சொல்லியிருந்தா நமக்குத் தெரிஞ்சே இருக்காது. சொல்லலையே. இப்ப இவுங்க இங்கிருந்து குன்னூர் வரைக்கும் போகணும், அதை யோசிங்க." சொல்லிக்கொண்டே இடுப்பில் சொருகியிருந்த முடிச்சை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஓர் ஆணி வந்தது. விரல் நீளம், நடுவில் வளைந்து, துருவேறிய ஆணி. நிச்சயம் ஆன நாளிலிருந்து அவளுடைய காப்பு அது. கிழங்குக் கொட்டகைக் கதவிலிருந்து அவளே பிடுங்கியது. இரும்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பதால், அதை நீலத்துணியின் ஓரத்தில் வைத்தாள். "இதை எடுத்துக்கச் சொல்லுங்க அத்தை."

"அடி கூறுகெட்டவளே, அப்ப உனக்கு?"

அவ்வளவு தூரம் ஆயம்மாள் யோசித்திருக்கவில்லை.

பொன்ராஜ் கையில் இருந்ததைத் துணியின் மேல் வைத்தான். மடக்கக்கூட இல்லை. வைத்த கையோடு ஆணியை எடுத்துக்கொண்டான்.

நூர் அகமது ஒரு பூட்டைத் திறந்து பூட்டி, திறந்து பூட்டி, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயம்மாள் கத்தியை எடுத்தாள், மடக்கினாள், கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டி விரித்தாள். காலையிலிருந்து எந்தக் கத்தியும் அவ்வளவு சுலபமாக விரியவில்லை.

"வழியில பேய் கீய் வந்தா நான் பாத்துக்கறேன்னு சொல்லுங்க அத்தை" என்றாள்.

மூக்கம்மா ஏதோ திட்டத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் நூர் அகமது அடக்கி வைத்திருந்த சிரிப்பு அந்த நேரத்தில் மூக்கு வழியாக வெடித்துவிட்டது. அதைக் கேட்டதும் அவளாலும் முடியவில்லை. பித்தளைக் குடத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள். குடத்துக்குள் கிடந்த இரண்டாவது கத்தி அதோடு சேர்ந்து கலகலவென்று உருண்டது.

"புதன்கிழமை முகூர்த்தத்துக்கு நேரத்தோட வந்து சேருங்க மாப்பிள்ளை" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வர்றப்ப கத்தியெல்லாம் நீட்ட வேண்டாமுங்க."

ஆயம்மாள் எடுத்துப் போன கத்திக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிய பொன்ராஜ் ரயிலில் உட்காரவே இல்லை. லவ்டேல், கேத்தி எல்லாம் எப்போது போனது என்று தெரியாது. ஆணி உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது, குத்தட்டும் என்று இன்னும் இறுக்கிப் பிடித்தான். துரையின் சட்டம் அதைத் தொட முடியாது, ஆணிக்கு அலகு ஏது? இவ்வளவு வளைந்த ஆணியை எஸ்டேட் ஆணி என்று யாரும் சொல்லவும் முடியாது. அந்த ஸ்டோருக்குள் வளைந்த ஆணியை நுழையவே விடாதவன் அவன்தானே. அதை இரண்டு தடவை உதட்டில் வேறு வைத்துப் பார்த்துக்கொண்டான், எதிரில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

வெயில் சாய்வதற்குள் லயத்துக்கு வந்து சேர்ந்தான். வாசலிலேயே நின்றுகொண்டிருந்த பேச்சியம்மா கையை நீட்டினாள். பிறகு ஞாபகம் வந்து, கையை இழுத்துக்கொண்டு முறத்தை நீட்டினாள். பொன்ராஜ் ஆணியை முறத்தில் வைத்தான்.

அவள் முறத்தைச் சாய்த்து அதை உருட்டிப் பார்த்தாள். "காலையில இருந்து உச்சி வரைக்கும் தேடி, இதையாடா வாங்குனே?"

அவன் நடந்ததைச் சொன்னான். வேகமாகச் சொன்னான், முன்னுக்குப் பின்னாகச் சொன்னான், சிரித்துக்கொண்டே சொன்னான். வீட்டு வழக்கப்படி ஆணி செல்லாது என்பதும், அது தன்னுடையதும் இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும். அம்மா அந்த இரண்டையும்தான் முதலில் கேட்பாள் என்று பதில் தேடிக்கொண்டே பேசினான்.

பேச்சியம்மா கேட்டது வேறு. "அந்தப் புள்ளை வெறுங்கையாவாடா ஊட்டுக்குப் போச்சு?"

"இல்லீங்கம்மா. என் கத்தியை எடுத்துட்டுப் போச்சுங்க."

அவள் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். மகனின் அரைஞாண் கயிற்றில் ஆணியை வைத்துத் தானே முடிச்சுப் போட்டாள். அவிழாது என்று தெரிந்தும் இன்னொரு முடிச்சுப் போட்டாள். போட்டுக்கொண்டே, பெண் கைக்குப் போன கத்தி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டாள்.

"நல்ல கத்தியாடா? என்ன பிடி போட்டது?"

பொன்ராஜ் வாயைத் திறந்தான். மான்கொம்பா? ஆமையோடா? கறுப்பு மரமா? பதினேழு கத்திகளை விரலோடு விரல் வைத்து அளந்தவன், நின்று நின்று யோசித்தான்.

"தெரியலீங்கம்மா. நான் அந்தப் புள்ளையைப் பாத்துட்டிருந்தனுங்க."

பேச்சியம்மா முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்து மகனைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோவென்று வெளியே ஓடிவந்தார்கள்.